குத்துக்குப் போட்ட கூறு

துளசிங்கம் விலகிக்கின குத்து மொத மொதல்ல வந்து எறங்கினது ஐஸ் ஒடைக்கிற மாசிலாமணி தாடையில. ஞாயித்துக்கெழம சாயங்காலம், கால நீட்டி உக்காந்து கருவாட்டுக் கொழம்பும் சோறும் துன்னுக்கினு இருந்தவன், வாயில வெச்ச கவளத்தோட அப்படியே பின்னால சாஞ்சு, அண்டா மேல மோதி, அண்டா உருண்டு, தண்ணி வாசல் வரைக்கும் ஓடி, சத்தம் கேட்டு நாங்க எல்லாம் ஓடிப்போயிப் பாத்தா, அவன் பொண்டாட்டி கையில கரண்டியோட நிக்கிறா. ‘சத்தியமா நான் இல்லக்கா’ன்னு என்கிட்ட சொல்றா. அவ மூஞ்சில பயத்த விட ஏமாத்தந்தான் ஜாஸ்தி. அந்த அறைய தான்தான் வெக்கணும்னு ரொம்ப வருஷமா ஆசப்பட்டுக்கினு இருந்தா, எவனோ முந்திக்கினான்.

தாடையில கிளவுஸோட தையல் அச்சா பதிஞ்சிருந்துச்சு. அதே நேரத்துல துறைமுகத்து மைதானத்துல, தார்ப்பாய் கட்டின ரிங்குல, எங்க துளசிங்கம் எதிராளியோட வலது கைக் குத்த மயிரிழையில விலகினான்னு, சண்ட பாத்துட்டு வந்த பசங்க குதிச்சுக் குதிச்சுச் சொல்றானுங்க. மாசிலாமணி ஈரத்துணிய தாடையில அழுத்திக்கினு, ‘எந்தப் பக்கம் விலகினான்?’னு கேட்டான். எடது பக்கம்னாங்க. ‘அப்ப அது இதுதான்’னுட்டு, சிந்தின சோத்த வழிச்சுப் போட்டுட்டு வேற தட்டு கேட்டான். எங்க பவளக்குப்பத்துல அவ்ளோதான் ஆச்சரியப்பட்டோம். ஏன், எப்படின்னு எங்களக் கேக்காதீங்க. கடல் ஏன் உப்புக் கரிக்குதுன்னு கேட்டுக்கினு உக்காந்தா எவ வூட்டு அடுப்பு எரியும்? நான் தேசம்மா, மீன் ஏலம் கூவுறவ, அதனால கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவேன், பொறுத்துக்குங்க.

துளசிங்கம் மேல அதுவரைக்கும் ரிங்குல ஒரு கை பட்டதில்ல. தோள ஒடுக்கி, மோவாய நெஞ்சுல புதைச்சு, இடுப்ப ஒடிச்சு, குனிஞ்சு, நெளிஞ்சு, கயிறு ஓரமா வழுக்கி வழுக்கிப் போவான். தண்ணிக்குள்ள கைய விட்டா மீன் விலகும் பாருங்க, அப்படித்தான். அடிக்க வந்தவன் காத்த அடிச்சு அடிச்சு, கை ஓஞ்சு, நாக்கு தள்ளி நிக்கிற நேரம் பாத்து ஒண்ணு வெப்பான். ஒண்ணே ஒண்ணு. மேல கை படாம பாத்துக்குறது அவன் அம்மா பச்சையம்மாகிட்ட செஞ்ச சத்தியம். அவ என் எதிர்வூட்டுக்காரி. அவ புருஷன் காளத்தியும் குத்துச்சண்டக்காரன்தான், ஆனா வேற ஜாதி. ரிங்கு நடுவுல காலை ஊணிக்கினு நின்னு, ஒண்ணு வாங்குவான், ஒண்ணு குடுப்பான், ரெண்டு வாங்குவான், ரெண்டு குடுப்பான், மூக்குல ரத்தம் ஒழுவ ஒழுவ சிரிச்சுக்கினே குடுப்பான், ஜனம் அவனுக்காக உயிர விட்டுச்சு. கடைசில உயிர விட்டது அவன்தான், அதுவும் கொஞ்சம் கொஞ்சமா. கோயில் மணி அடிச்சா சோத்துத் தட்ட விட்டுட்டு எழுந்து முஷ்டிய தூக்குவான். சோறு போட்ட பொண்டாட்டியப் பாத்து, ‘நீங்க எந்த வூட்டுப் பொண்ணும்மா’ன்னு மரியாதையாக் கேப்பான். அந்த மரியாதையத்தான் பச்சையம்மாவால தாங்க முடியல. அவன் அடிச்சிருந்தாக்கூட தாங்கியிருப்பா.

அதனால மவன் கிளவுஸ் மாட்டினப்ப, குத்தாதேன்னு சொன்னா கேக்கமாட்டான்னு தெரிஞ்சு, எல்லையம்மன் கோயிலுக்கு இழுத்துக்கினு போயி, கற்பூரத்த அணைச்சு சத்தியம் வாங்கினா. ‘நீ எவன வேணா குத்திக்கோ. உம்மேல ஒரு கை படக்கூடாது’ன்னா. படல. பட வேண்டியதெல்லாம் எங்க மேல பட ஆரம்பிச்சுது.

ஆரம்பத்துல நாங்களும் விலகினோம். துளசிங்கம் ஆடுற ஆட்டத்த வருஷக்கணக்காப் பாத்தவங்க நாங்க, எங்களுக்குச் சொல்லியா தரணும்? காத்துல சுர்ருன்னு ஒரு சூடு வரும், அப்பவே தலைய குனிச்சுக்குவோம். டீ மாஸ்டர் டீய ஆத்திக்கினே குனிவான், பூசாரி கற்பூரத் தட்டோட நெளிவாரு, மீன் கூடைய தலையில வெச்சுக்கினு பொம்பளைங்க இடுப்ப ஒடிச்சு நடப்பாளுங்க. வெளியூர்லேருந்து பொண்ணு பாக்க வந்தவங்க, குப்பம் மொத்தமும் சாமியாடுதுன்னு நெனச்சு வந்த வழியே திரும்பிப் போனாங்க. ஆனா விலகின குத்து எங்க போவும்? நான் விலகினா எனக்குப் பின்னால வர்றவகிட்ட, அவ விலகினா அடுத்த வூட்டுக்கு, அவங்க விலகினா சந்து திரும்பி அந்தாண்ட தெருவுக்குன்னு அது சுத்திக்கினே இருந்துச்சு. ஞாயித்துக்கெழம குத்து புதன்கெழம வரைக்கும் சுத்தும். தட்டு மூடி எகிறும், நாய் ஒண்ணு காரணமில்லாம கத்தும், கொடியில காயுற பொடவ திடீர்னு ஒரு எடத்துல உப்பும். யாரும் நிம்மதியா உக்காந்து ஒரு வாய் சோறு துன்ன முடியல, குழந்தைக்குப் பால் குடுக்க முடியல, ஒருத்தர் கண்ண ஒருத்தர் பாத்துப் பேச முடியல, பேசுறப்பவே கண்ணு ரெண்டு பக்கமும் ஓடும். யாராவது ஒருத்தர் நின்னு வாங்கிக்கிற வரைக்கும் அது அடங்காதுன்னு புரியிறதுக்கே எங்களுக்கு மழைக்காலம் வந்துடுச்சு.

ஒரு நாளு, அப்படிச் சுத்தின குத்து ஒண்ணு ரேஷன் கடை வரிசையில ஒவ்வொருத்தரா விலக விலக, கடைசில நெறமாசமா நின்ன குப்புவப் பாத்துப் போச்சு. அவளால குனிய முடியாது, பாவம். எங்க ஊர்த் தலைவர் வேதாசலம், வரிசைக்கு வெளிய நின்னு பீடி புடிச்சுக்கினு இருந்தவரு, பாஞ்சு வந்து குறுக்க நின்னு வெலாவுல வாங்கிக்கினாரு. எலும்பு ஒடஞ்சுது. கட்டுப் போட்டுக்கினு படுத்தபடியே பஞ்சாயத்தக் கூட்டினாரு.

பஞ்சாயத்துல ரெண்டு கட்சி. ‘ஆம்பளைன்னா வாங்கிக் குடுக்கணும். விலகி விலகி ஜெயிக்கிறது இன்னா ஜெயிப்பு? காளத்தி மவனா இவன்?’னு ஒரு கட்சி. ‘வாங்குறதுல இன்னாடா வீரம், சொவரு கூடத்தான் வாங்குது! மேல கை படாம ஜெயிக்கிறான் பாரு, அதான் வித்த’ன்னு இன்னொரு கட்சி. ஒருத்தன் சட்டைய ஒருத்தன் புடிச்சுக்கினானுங்க, பேசிக்கினு இருக்கும்போதே ரெண்டு பேரும் ஒரு குத்துக்குக் குனிஞ்சுட்டு மறுபடி சட்டையப் புடிச்சுக்கினானுங்க. துளசிங்கத்த சண்டைய விடச் சொல்லவும் யாருக்கும் மனசு வரல. துறைமுகத்து ஆளுங்களோட குத்துச்சண்டக்காரன் பக்தவச்சலம் எங்க குப்பத்துப் பசங்க அத்தினி பேரையும் மல்லாக்கத் தள்ளினவன். எங்க படகு அவங்க சொவரோரமாப் போனா மேலேருந்து எச்சி துப்புவானுங்க. அவனோட மோதுற தகுதி இவன் ஒருத்தனுக்குத்தான் வந்திருந்துச்சு. பச்சையம்மா எழுந்தா. ‘எம்மவன நின்னு வாங்கச் சொல்றவன், வாங்கினவன் வூட்டுல ஒரு நாளு வந்து இருந்து பாருங்கடா’ன்னா. சட்டையப் புடிச்சுக்கினு இருந்தவனுங்க கைய எடுத்துக்கினானுங்க.

அப்பத்தான் தலைவர் அந்தப் பேச்ச எடுத்தாரு. ‘கடல்ல வர்றத கூறு போடுறோம். காத்துல வர்றதையும் போட்டுக்கலாமே.’

எங்க ஊர் வழக்கம் என்னன்னா, படகு கரை ஏறினதும் மீன மணல்ல கூறு கூறாப் போடுவோம். ஒருத்தர் கூறுக்கு முதுகக் காட்டி, கடலப் பாத்து நிப்பாரு. இன்னொருத்தர் ஒரு கூறக் காட்டி ‘இது யாருக்கு?’ன்னு கேப்பாரு. பாக்காமலே அவரு ஒரு பேரு சொல்லுவாரு. அதுக்கு மேல பேச்சு கெடையாது. மொதக் கூறு எப்பவும் ஆளில்லாத வூட்டுக்கு, அதாவது கடலுக்குப் போக ஆம்பள இல்லாத வூட்டுக்கு, என்ன மாதிரி புருஷன் செத்தவளுங்களுக்கு. அப்புறம் படகுக்கு, வலைக்கு, அம்மனுக்கு, கடலுக்குப் போனவங்களுக்கு. எல்லாருக்கும் மனசு லேசாயிடுச்சு. கூறுன்னு சொன்னதும் பாதி பிரச்சன தீந்த மாதிரி. யாரோ ஒருத்தன் மட்டும் மெதுவா, ‘பொம்பளைங்க கூற இதுல வுட்டுடலாமே’ன்னான். அவ்ளோதான்! பச்சையம்மா பத்ரகாளி ஆயிட்டா. ‘மீனுக்கு மட்டும் நாங்க மொதல்ல, குத்துக்கு நாங்க வேணாமா? இன்னிக்கு இத நிறுத்துவீங்க, நாளைக்கு மீனையும் நிறுத்துவீங்க. எங்க கூறு எங்களுக்கு வரணும்!’ நாங்க அத்தினி பேரும் எழுந்து நின்னு கத்தினோம், என் சத்தந்தான் எல்லாத்தையும் விடப் பெருசு. ஞாயந்தானே? விட்டுக் குடுத்த கூறு திரும்பக் கெடைக்குமா? ‘கடலுக்குப் போனவன் கூறு யாருக்கு? துளசிங்கந்தானே போறான்’னு டீ மாஸ்டர் கிண்டலா கேட்டான். எல்லாரும் சிரிச்சுட்டு அந்தக் கூற மத்த கூறோட சேத்துட்டாங்க.

அப்புறம் வாழ்க்க ஒரு ஒழுங்குக்கு வந்துச்சு. ஞாயித்துக்கெழமையில தலைவர் காத்தக் காட்டி ‘இது யாருக்கு?’ன்னு கேப்பாரு, கடலப் பாத்து நிக்கிறவரு பேரு சொல்லுவாரு, பேரு வந்தவங்க வலைக் கொட்டாயில வரிசையா உக்காந்துக்குவோம். குத்து வரிசை தப்பாம மொத ஆளுலேருந்து எறங்கும். படகோட கூறுக்கு ஒரு படக இழுத்து நடுவுல வெச்சோம், அதுக்குப் பலகை நெளிஞ்சுது. அம்மன் கூறுக்குக் கோயில் மணிய கழட்டியாந்து தொங்க விட்டோம், அது தானா ஒரு தடவ கணீர்னு அடிச்சா பொம்பளைங்க கன்னத்துல போட்டுக்குவோம். பல்வலிக்காரன் தேசப்பன், பல்லு போனா நல்லதுன்னு வாயத் தொறந்து வெச்சுக்கினு உக்காந்தான். குத்து வயித்துல வந்துச்சு. வாங்கி முடிச்சவங்களுக்கு மஞ்சப்பத்து, சுக்குத் தண்ணி. வெளிய போற எடத்துல யாராவது கேட்டா கதவு இடிச்சுதும்போம். பவளக்குப்பத்துக் கதவுங்க பொல்லாதது போலன்னு பக்கத்து ஊர்ல பேரே ஆயிடுச்சு. துளசிங்கத்துக்கு மட்டும் முழுசாச் சொல்லல. வலை இழுக்குற தடிப்பசங்க மொற வெச்சு வாங்கிக்கிறானுங்கன்னு சொல்லி வெச்சிருந்தோம். அவனும் நம்பிக்கினு, இன்னும் நல்லா விலகினான், இன்னும் பெரிய ஆளுங்களோட மோதினான்.

மொத எடத்துல பச்சையம்மாதான் உக்காருவா, அடுத்தது நான். பேரு யாருக்கு வந்தாலும் அவ மாத்திக்கினு வந்து மொதல்ல உக்காந்துடுவா. வயித்துக்குத் தலவாணி குடுத்தா வேணாம்பா. கண்ண மூட மாட்டா. ‘ஒவ்வொண்ணு விழுறப்பவும், எம்புள்ள தலையில விழாம எந்தலையில விழுதேன்னு ஒரு நிம்மதி வருது பாரு தேசம்மா, அத சொன்னா உனக்குப் புரியாது’ம்பா. எனக்கு இன்னா புரியாது? எனக்கும் புள்ளைங்க கீது. ஆனா ஒரு நாளு என்கிட்ட, என் செத்துப்போன புருஷன் பேரு இன்னான்னு கேட்டா. அந்தாளு பொணத்துக்கு என்னோட சேந்து மாரடிச்சவ அவ.

பக்தவச்சலத்தோட சண்ட முடிவாயி, சொவருல நோட்டீஸ் ஒட்டியாச்சு. சண்டைக்கு மொத நாளு காலைல, ஏலம் முடிஞ்சு நான் கூடைய அடுக்கிக்கினு இருக்கேன், துளசிங்கம் வந்து நின்னான்.

‘அத்தே, அம்மா கன்னத்துல இன்னா அது?’

‘கதவு இடிச்சுக்கிச்சுடா.’

‘கதவுக்குத் தையல் இருக்குமா அத்தே?’

நான் அடுத்த கூடைய எடுத்தேன். அவன் கீழ விழுந்து கெடந்த ஒரு சங்கரா மீன எடுத்து, மண்ண ஊதி, கூடையில திரும்ப வெச்சான். ‘கொழம்புல ரெண்டு தடவ உப்பு போடுது. அது பரவால்ல, துன்னுடுவேன். நேத்து வூட்டுக்குள்ள போறேன், என்னப் பாத்துச்சு. பாத்துட்டு ஒரு நிமிஷம் யோசிச்சுது அத்தே.’

சொல்லிட்டேன். கூறு, வரிசை, மொத எடம், எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஊர்க் கட்டுப்பாட்ட மீறினேன்னு அப்புறம் தலைவர் என்னத் திட்டினாரு. திட்டட்டுமே! அவ என் செநேகிதி. அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: ‘எப்பேருந்து?’ ‘மொதல்லேருந்துடா’ன்னேன். தலைய ஆட்டிட்டு, கடல் பக்கமாத் திரும்பி, வந்த மாதிரியே போயிட்டான்.

அந்த ஞாயித்துக்கெழம காத்து தெக்கேருந்து அடிச்சுது, மைதானத்து லவுட் ஸ்பீக்கர் சத்தம் தெளிவாக் கேட்டுச்சு. பக்தவச்சலம் குத்துன்னா சும்மாவான்னு குப்பம் மொத்தமும் கொட்டாயில கூடிடுச்சு. வரிசை வெளிய மணல் வரைக்கும் நீண்டு போச்சு. பச்சையம்மா மொத எடத்துல, கொண்டைய இறுக்கி முடிஞ்சுக்கினு, முழங்கால் மேல கைய வெச்சுக்கினு உக்காந்திருந்தா. மைதானத்து மணி அடிச்சுது. ஜனம் ஹோன்னு கத்துச்சு. நாங்க பல்லக் கடிச்சுக்கினோம்.

ஒண்ணும் வரல.

மறுபடி ஹோன்னு சத்தம், அதுக்கு மேல ஒரு சத்தம், சத்தம் மேல சத்தம். கொட்டாயில ஈ பறக்குறது கூட கேக்குது, ஒரு குத்தும் வரல. மொத ரவுண்டு முடிஞ்சு மணி அடிச்சப்ப பின்வரிசையில ஒருத்தன் சிரிச்சான். ‘விட்டுடுச்சுடோய்! அம்மன் கண்ணத் தொறந்துட்டா!’ன்னான். பொம்பளைங்க கையெடுத்துக் கும்பிட்டாளுங்க. தேசப்பன் எழுந்து சோம்பல் முறிச்சான்.

பச்சையம்மா மட்டும் நகரல. ரெண்டாவது ரவுண்டுல ஜனம் எழுந்து நின்னு கத்துற சத்தம் வந்துச்சு, காளத்தி காலத்துல கேட்டோமே, அந்தச் சத்தம், விலகுறவனுக்கு யாரும் போடாத சத்தம். அவ என் கையப் புடிச்சா.

‘தேசம்மா, எனக்கு ஏன் வரல?’

‘அவன் விலகல பச்சை’ன்னேன். ‘நின்னு வாங்குறான்.’

அவ எழுந்து வெளிய ஓடினா. மணல்ல நின்னு, மைதானம் இருக்குற பக்கமாத் திரும்பி, முந்தானைய ஒதறிட்டு, மூஞ்ச நீட்டினா. ‘எங்கூற அனுப்புடா! டேய் துளசி, எங்கூற அனுப்புடா! குனிடா எங்கப்பா, குனிடா!’ன்னு கத்துறா. காத்து வர்ற பக்கமா ஓடுறா, நிக்கிறா, எடது கன்னத்தக் காட்டுறா, வலது கன்னத்தக் காட்டுறா, ஒண்ணும் வரல. எனக்கு உக்காந்திருக்க முடியல, நானும் போயி அவ பக்கத்துல நின்னு மூஞ்ச நீட்டினேன். மாசிலாமணி வந்து நின்னான். அவன் பொண்டாட்டி வந்தா, தலைவர் ஒடஞ்சு கூடின வெலாவோட வந்தாரு, டீ மாஸ்டர், பூசாரி, தேசப்பன், இடுப்புல கொழந்தையோட குப்பு கூட. முன்ன குனிஞ்சு நெளிஞ்சு திரிஞ்ச குப்பம், நெஞ்ச நிமித்தி, மோவாயத் தூக்கி, ஆகாசத்தப் பாத்து, குடு குடுன்னு கெஞ்சிக்கினு நின்னுச்சு. காத்துதான் வந்துச்சு. அது யாரையும் ஒண்ணும் பண்ணல.

அவன் ஜெயிச்சான்னு லவுட் ஸ்பீக்கர் சொல்லுச்சு. பக்தவச்சலமும் அவனும் ரிங்கு நடுவுல கால ஊணிக்கினு, வாங்கிக் குடுத்து, குடுத்து வாங்கி, கடைசில பக்தவச்சலம் மல்லாந்தான்னு பசங்க சொன்னானுங்க. சொல்றப்ப ஒருத்தனும் குதிக்கல. மீன் வண்டியில உக்கார வெச்சு அவன தள்ளிக்கினு வந்தாங்க, கழுத்துல மாலை, மூஞ்சி எது கண்ணு எது மூக்குன்னு தெரியாம வீங்கிக் கெடக்குது. யாரும் விசில் அடிக்கல, நாங்க வழி விட்டோம்.

பச்சையம்மா வண்டிகிட்ட போயி, அவன் மூஞ்ச ரெண்டு கையிலயும் ஏந்திக்கினா. வீக்கம் வீக்கமா வெரலால தொட்டுப் பாத்தா. தாடையத் தொட்டு, ‘இது என்னுது’ன்னா. கன்னத்தத் தொட்டு, ‘இதும் என்னுது. இது தேசம்மாவுது’ன்னா. ஒதடு கிழிஞ்ச எடம் மாசிலாமணிதுன்னா, மூக்கு தேசப்பனுதுன்னா, நெத்தி தலைவருதுன்னா, காதுகிட்ட இருந்தது டீ மாஸ்டருதுன்னா. வரிசை மாறாம, ஒரு பேரு கூட தப்பாமச் சொல்லிக்கினே வந்தா, பேரு வந்தவங்க ஒவ்வொருத்தரா தலையக் குனிஞ்சுக்கினோம். கடைசியா புருவத்துக்கு மேல பொளந்துக்கினு ஒண்ணு இருந்துச்சு. அதத் தொட்டுக்கினு எங்க பக்கமாத் திரும்பி, ‘இது யாருக்கு?’ன்னு கேட்டா.

துளசிங்கம் கிழிஞ்ச ஒதட்டோட மெதுவா பேசினான்.

‘கடலுக்குப் போனவனுக்குக் கூறு கெடையாதாம்மா?’

அப்பத்தான் அவ அழுதா.